விமானத்தின் வாலில் எங்கள் வீட்டுக் கரை

போன வாரம் என் சம்பந்தியம்மாவோடு பேச்சு நின்றுபோனது. காரணம் — ஒரு விமானத்தின் வால். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் விமானம் ஏறியவள் இல்லை. அவரும் இல்லை. அதனால் என்ன... சண்டை போட டிக்கெட் வேண்டுமா?

ஏதோ ஒரு கம்பெனி, விமானத்தின் வாலில் இருந்த பறவையை அழித்துவிட்டு, ஊருக்கு ஊர் நெய்கிற சேலைக் கரைகளை வரைந்திருக்கிறது. பறவையை ஏன் எடுத்தாய் என்று ஒரு கூட்டம். சேலையைக் கொண்டுபோய் வாலில் கட்டுவதா என்று இன்னொரு கூட்டம். டி.வி.யில் தினமும் கூச்சல்.

மகன் போனில் காட்டினான். கரையை மட்டும் வெட்டி எடுத்த படம். கரை நேராகத் தெரிகிற வாக்கில் போனைத் திருப்பிப் பிடித்தேன். அரக்குச் சிவப்பில் பச்சைக் கோபுரங்கள்! நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் கரையைக் கண்டால் எந்த வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவேன். இது என் மாமனார் போட்ட டிசைன். எங்கள் அம்மாபேட்டை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அதே படம் குமாரபாளையத்தில் மருமகள் கவிதாவின் அம்மா சரோஜாவுக்கும் போயிருக்கிறது. மறுநாளே போன்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, எங்கூட்டுக் கரைய உங்களுதுன்னு சொல்லீட்டுத் திரியறீங்களாமா?"

"உங்க வீட்ல துண்டுதானேங்க நெய்வீங்க?" என்றேன். கொஞ்சம் அதிகம்தான்... வாயில் வந்துவிட்டது.

"அப்படீங்களா. கரை எங்களுதுன்னு ஒத்துக்குங்க. அப்பறம் வளைகாப்புக்கு வாரேன்."

கவிதாவுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பெற்றவள் வராமல் வளையல் அடுக்க முடியுமா? கவிதா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை விட்டுக்குடுங்களேன் அத்தை."

மாமனார் டிசைனை விட்டுக்கொடுப்பதா?

கடைசியில் மகன்தான், "அந்த விமானம் நம்மூருக்கே வருது. நேர்ல பார்த்து முடிவு பண்ணுங்க" என்று இரண்டு பேரையும் காரில் ஏற்றினான். ஓமலூர்ப் பக்கம், விமான நிலைய வேலியோரம் நின்றோம். அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

விமானம் இறங்கித் திரும்பியது. வாலைப் பார்த்தேன். கோபுரங்கள் அத்தனையும் தலைகீழ். உச்சியெல்லாம் தரையைப் பார்க்கிறது. இப்படி ஒரு சேலை தறியிலிருந்து இறங்கினால் நாங்கள் வெளியே மூச்சு விட மாட்டோம்.

சரோஜாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரிங்க" என்றார் மெதுவாக. "இது உங்க மாமனார் போட்டதேதானுங்க."

"அதெப்படிங்க? நல்லாப் பார்த்துட்டேன். குமாரபாளையம்தான்."

"வேண்டாமுங்க. பெரியவங்க... நீங்களே வெச்சுக்குங்க."

மகன் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்குள் போய்விட்டான்.

அழகாக இருக்கிற வரைக்கும் ஒரு கரைக்கு இரண்டு வீடு சொந்தம். தலைகீழானதும் அது அநாதை!

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு சரோஜாவே வளையல் அடுக்கினார். வந்தவர்களில் ஒருத்தி சும்மா இருக்காமல், "விமானத்துல இருக்கறது யாரு வீட்டுக் கரைங்க?" என்று கேட்டாள்.

நானும் சம்பந்தியம்மாவும் ஒரே குரலில் சொன்னோம் — "ராசிபுரம்."