மாப்பிள்ளை நீச்சல்

எங்கள் மோட்டார் பம்ப் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தை ஒட்டியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. நானூறு மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே காலையில், நடுவில் ஓய்வு கிடையாது. டிரையத்லான் என்று பெயர். நான்கு மாதம் கழித்து ஒரு கல்லூரியில் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஆவறதில்லீங்க" என்றார். 'நமக்கு' என்றது மரியாதைக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஷிப்ட் முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

சைக்கிளில் எனக்குக் கவலை இல்லை. சிங்காநல்லூரிலிருந்து கம்பெனிக்குத் தினமும் மிதித்துப் பழகிய கால்கள். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் காலையில் கிளம்பி, அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டி வரை போய்த் திரும்புவேன்.

ஓட்டத்தில் ஊர்க்காரர்கள்தான் தொந்தரவு. எங்கள் பக்கம் வயது வந்த ஆள் காரணமில்லாமல் ஓடுவதில்லை. நான் ஓடினால் மொபெட்டில் போகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். "ஏனுங்க, யாருக்கு என்னாச்சுங்க? ஏறுங்க, கொண்டுபோய் உட்டுப்போட்டுப் போறேன்." சும்மாதான் ஓடுகிறேன் என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். ஒரு பால்காரர் மனம் நோகக்கூடாதென்று அவர் வண்டியில் ஏறி அரை கிலோமீட்டர் போய், இறங்கி, ஏறிய இடத்துக்கே நடந்து வந்து மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கியதும் நிற்காமல் ஓடிப் பழக வேண்டும் என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. முதல் நாள் அப்படி இறங்கியபோது இரண்டு கால்களும் வேறு யாருடையதோ போலிருந்தன. பத்தடி ஓடி, பக்கத்து வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீச்சலுக்கு மாமனார் வீட்டை நம்பினேன். என் மனைவி உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வளர்ந்தவள். தோப்பு நடுவே பெரிய கிணறு. ஐந்து வயதிலேயே அதில் குதித்தவள். அவள் அண்ணன்தான் அந்த ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். முறை சுலபமானது. காலி எண்ணெய்க் கேனை முதுகில் கட்டுவார், இடுப்பில் கயிறு கட்டுவார், மேலிருந்து தள்ளிவிடுவார். பத்து நாளில் எல்லோரும் நீந்திவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய், என்னையும் அப்படியே தள்ளிவிடுங்கள் மச்சான் என்றேன். அவர் பதறிப்போனார். "மாப்ளையத் தள்ளிவுடறதுங்களா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

மறுநாள் காலை கிணற்றில் வழக்கமாகக் குதித்தாடும் பிள்ளைகள் ஒருவரையும் காணோம். எல்லோரையும் விரட்டிவிட்டிருந்தார்கள். பாசி வழுக்கும் என்று மாமனார் படிகளைத் தேய்த்துக் கழுவ ஏற்பாடு செய்திருந்தார். மேலே எனக்கென்று ஒரு நாற்காலி, அதன்மேல் புதுத் துண்டு. முதுகில் கேனும் இடுப்பில் கயிறுமாக, ஒரு விசேஷத்துக்குப் போகிறவனைப் போலப் படியிறங்கினேன். கயிற்றின் மறுமுனை எதிர்க்கரையில் மச்சான் கையில், பாதுகாப்புக்கு. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகாலை அடித்தேன். திறந்து பார்த்தால் அக்கரை. "மாப்ளைக்குத் தண்ணி ஒத்துப்போச்சுங்க" என்றார் மாமனார். திரும்பி வரும்போது மச்சான் சுற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து நின்றார். கண்ணை மூடினேன், அடித்தேன், வந்து சேர்ந்தேன்.

இப்படி ஆறு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் ஃபோர்மேனிடம் என் நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன்.

ஆறாவது வாரம் திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, நீங்க நீந்தறதில்லீங்க. எங்கண்ணன் கயித்தை இழுக்கறாங்க. நீங்க கண்ணை மூடிக்கறீங்க, அதனால தெரியறதில்ல."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"அப்பா சொல்ல வேண்டாம்னுட்டாங்க. மாப்ளை மனசு சங்கடப்படுமாம்."

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. இழுத்தவரை விட்டுவிட்டு, உண்மையைச் சொன்னவளிடம் முறுக்கிக்கொண்டேன் என்பது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. கலந்துகொள்கிறவர்கள் பட்டியலில் என் பெயரைத் தட்டச்சடித்துப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. அந்தக் காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு கேனையும் கயிற்றையும் நானே அவிழ்த்துப் போட்டேன். மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. இறங்கினேன். நான்கு முறை கையை வீசியிருப்பேன், அவ்வளவுதான், மூழ்கிவிட்டேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அடுத்த நொடி யாரோ என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார்கள். கட்டிய சேலையோடு குதித்திருந்தாள் என் மனைவி. முடியைப் பிடித்தே படிக்கு இழுத்து வந்து போட்டாள். மேலேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"அம்மணி, மாப்ளை முடியவா புடிச்சு இழுப்பே?"

"உட்டிருந்தா மாப்ளையே இருந்திருக்க மாட்டாரும்மா."

அன்றோடு கிணற்றுப் பக்கம் யாரும் வரக்கூடாதென்று சொல்லிவிட்டாள். ஞாயிறு விடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும். மரியாதைக்காக ஒரு பாராட்டுகூட அவளிடமிருந்து வராது. "கண்ணைத் தொறங்க. தலைய எதுக்குத் தூக்கறீங்க, தண்ணிக்குள்ள வையிங்க. மறுக்கா." இரண்டு தடவை கோபித்துக்கொண்டு படியேறிப் போனேன். அவள் கூப்பிடவில்லை. நானே இறங்கி வந்தேன். நான்காவது வாரம், கண்ணைத் திறந்தபடி, கேனில்லாமல் கயிறில்லாமல் அக்கரையைத் தொட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து மாமியார் மறுபடி உலை வைத்தார்.

மிச்சமிருந்த வாரங்களில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நிற்காமல் பல தடவை நீந்தவைத்தாள். போட்டிக்குக் கல்லூரிப் பையன்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். கல்லூரியின் ஐம்பது மீட்டர் நீச்சல் குளத்தில் எட்டு முறை நீளவாக்கில் நீந்த வேண்டும். மனைவியும் மச்சானும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முடித்து ஓரத்தைப் பிடித்துத் தொங்கியபோது குளத்தில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். விசில் வைத்திருந்தவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க, போதுமுங்க. எட்டும் ஆச்சுன்னு எழுதிக்கறேன். மேல ஏறி வாங்க."

அவ்வளவு நல்ல மனுஷர். கையையும் நீட்டினார். மூச்சு வாங்கியது, தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பொய் சொல்வானேன், என் கையும் மேலே போய்விட்டது. ஏறிக்கொள்ளுங்கள் என்று மச்சான் படிக்கட்டிலிருந்து தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் மனைவி வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

"இன்னும் ரண்டு இருக்குதுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டேன்.

இரண்டையும் நீந்தினேன். பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். நான் வந்து சேர்ந்தபோது மேஜைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு மேஜையை மறுபடி விரித்துப் பெயரை எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

மச்சானைப் பஸ் ஏற்றிவிட்டோம். "மீன் மாதிரி நீந்துனீங்க மாப்ளைங்க" என்று அவர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். கேரியரில் மனைவியை உட்காரவைத்துச் சிங்காநல்லூருக்கு மெதுவாக மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும், எப்படி நீந்தினேன் என்று அவளிடம் கேட்டேன்.

"மோசமுங்க" என்றாள். "பாக்கவே பயமா இருந்துச்சு. ஆனா எட்டும் நீங்க நீந்துனதுங்க."