பிள்ளையாருக்கு நேர்ந்த டாங்கி

என் சீதனத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முன்பக்கம் கண்ணாடி போட்ட முதிரை மர அலுமாரி. பீங்கான் கோப்பைகளை அதில் வரிசையாக அடுக்கி, வருகிறவர்களின் வயிற்றெரிச்சலைப் பார்க்க நினைத்திருந்தேன். கலியாணம் முடிந்து இவர் எங்கள் உரும்பிராய் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அடுத்த நாள் என் அலுமாரிக்குள் படை புகுந்தது.

இவர் தபால் கந்தோரில் இலிகிதர். ஆனால் அவருடைய சீவியம் உலக யுத்த காலத்து இராணுவ வண்டிகளின் சின்ன உருவங்களைச் சேர்ப்பது. கப்பலில் வேலை செய்த தமையன் இறங்கிய துறைமுகமெல்லாம் தேடி வாங்கி அனுப்பியவை அவை. ஈய லொறி, ஈய ஜீப், விரல் அளவில் ஒரு மோட்டார் சைக்கிள். பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்த, உண்மையான ஜீப்பின் முன்விளக்கு ஒன்றும் நடுத்தட்டில் குந்தியிருந்தது. என் கோப்பைகள் குசினிப் பலகையில் புகை குடித்தன.

எல்லாவற்றிலும் முதல் மரியாதை பிரென் கரியர் என்ற ஒரு சின்னக் கவச வண்டிக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் சங்கிலிச் சில்லு உண்மையாகவே சுற்றும். வந்த மட்டைப்பெட்டிகூடக் கசங்கவில்லை. இப்படி ஒன்று இலங்கையிலேயே வேறு யாரிடமும் இல்லை என்பார். யாரும் தேடவும் இல்லை என்பது என் எண்ணம். பார்க்க வருகிற சனம் மரியாதைக்கு "நல்ல டாங்கி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. மேலே மூடி இல்லை, சுழலும் பீரங்கி இல்லை, ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி, இதை டாங்கி என்பது பெரும் பிழை என்று தேத்தண்ணீர் ஆறும்வரை விளக்கம் நடக்கும். பிழையான சொல் ஒன்று காற்றில் நிற்க, இவரால் சும்மா இருக்க முடியாது.

பிறகு சண்டை வந்து, உண்மையான வண்டிகளே எங்கள் ஒழுங்கைக்கு வந்தன. நாங்கள் பங்கருக்குள் விழுந்து தேவாரம் பாட, இவர் மட்டும் தலையை வெளியே நீட்டி, உது இன்ன வருஷத்து மொடல் என்று அறிவிப்பார். வேறு நாட்டுக்காரர் கடல் கடந்து போய்க் கண்காட்சியில் பார்ப்பதை எங்களுக்கு வாசலிலேயே காட்டினார்கள். கட்டணத்தைப் பிறகுதான் அறவிட்டார்கள்.

அமைதி காக்க வந்த படை ஒருநாள் எங்கள் வீட்டைச் சோதனை போட்டது. வந்த அதிகாரி மரியாதையான ஆள். அலுமாரியைத் திறந்து கரியரைக் கையில் எடுத்து, நல்ல டாங்கி என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நான் குசினி வாசலில் நின்று, வாயைத் திறக்காதேயுங்கோ என்று கண்ணைக் காட்டினேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியைத் திருத்தினார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். கலியாணமான நாளிலிருந்து யாரும் இவரிடம் கேட்காத கேள்வி அது. முகமெல்லாம் மலர்ந்து ஆதியிலிருந்து தொடங்கினார். எந்த வண்டிக்கு எந்த இடத்தில் கவசத் தகடு மெல்லியது என்பதுவரை சொல்லி முடித்தார். சொல்லி முடித்ததும் கொண்டுபோனார்கள். ஜீப்பில் ஏற்றும்போதுகூடக் குனிந்து அதன் சில்லைப் பார்த்த மனிசன்.

நான் கோயிலுக்கு ஓடினேன். என் கழுத்துச் சங்கிலியைத் தருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளையாரே, இவரை முழுசாக விட்டால் அந்தக் கரியர் உனக்கு என்று வந்துவிட்டது. பக்தியா, பழிவாங்கலா என்று பிள்ளையாரும் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் விட்டார்கள். மெலிந்து, நொண்டிக்கொண்டு வந்தார். அவர் குளித்துச் சாப்பிட்ட பிறகு நேர்த்தியைச் சொன்னேன்.

"உமக்கு நேருறதுக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றார்.

அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஈய லொறியைக் கொடுப்போம், பிள்ளையாருக்கு வித்தியாசம் விளங்கவா போகிறது என்று பேரம் பேசினார். டாங்கிக்கும் கரியருக்கும் வித்தியாசம் சொல்லி மறியலில் அடைபட்டு வந்த மனிசன்! எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு அவருக்குப் புட்டு மட்டும்தான், கறி இல்லை.

பிறகு அவருக்கு ஒரு வழி தெரிந்தது. எங்கள் கோயிலில் நேர்த்திக்கு வருவதையெல்லாம் திருவிழா முடிவில் ஏலம் போடுவார்கள். வாழைக்குலைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் கிடக்கும் ஈயப் பொம்மையை யார் கேட்கப்போகிறார்கள்? சில்லறைக் காசுக்குத் தானே திருப்பி எடுத்தால் பிள்ளையாருக்கும் குறை இல்லை, தனக்கும் நட்டம் இல்லை என்று சந்தோஷமாக வேட்டி கட்டி வந்தார்.

ஆனால் ஊருக்குள் கதை வேறு மாதிரிப் பரவியிருந்தது. படை பிடித்த ஆளையே திருப்பிக் கொண்டுவந்த டாங்கி அது. ஐயர் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார். ஏலம் கூறியவர் டாங்கி என்று தொடங்க, இவர் எழும்பி, டாங்கி இல்லை, கரியர் என்று திருத்த, சனம் சிரித்தது. கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் விடவில்லை. இவர் திரும்பிப் பார்க்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார்.

அந்தக் குரல் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புத்தூர்ப் பெண். டியூசனுக்குச் சைக்கிளில் போன மகன் இன்னும் வீடு வரவில்லை. கொண்டுபோனது யார் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த வேலைக்கு அப்போது பலபேர் இருந்தார்கள். அவள் தன் காதுத் தோட்டின் சுரையைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேலும் ஏற்றுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. நான் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கலியாணமான பிறகு முதல்தடவையாக, சபை நடுவில். இவர் திரும்பினார். அவள் கை காதில் இருந்ததைக் கண்டார்.

மூன்று தரம் என்றபோது இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

வெளியே வந்ததும் அவள் அதைச் சேலைத் தலைப்பில் பொத்திப் பிடித்தபடி இவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, இந்த டாங்கி என்ரை பிள்ளையையும் கொண்டு வரும்தானே?"

இவர் தொண்டையைச் செருமினார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஓம் அக்கா," என்றார். "நல்ல டாங்கி. கொண்டு வரும்."

அலுமாரியில் வெறுமையான இடத்தில் என் கோப்பைகளை வைக்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு புத்தூர்ப் பக்கம் அவருக்கு அடிக்கடி ஏதாவது கந்தோர் அலுவல் இருந்தது. வந்து, அந்த வீட்டில் கரியரைச் சாமி விளக்கடியில் வைத்து எண்ணெய் பட்டுப் பெயின்ற் உரிகிறது என்று புறுபுறுப்பார். மகன் வந்துவிட்டானா என்று நான் கேட்பதில்லை. வந்திருந்தால் அது டாங்கி இல்லை என்று இவர் அன்றைக்கே அந்தத் தாய்க்குச் சொல்லியிருப்பார்.