அக்கா புலம்பினார்

யாருக்கு எந்த வினைச்சொல் என்பதில் பேப்பரில் ஒரு வரிசை உண்டு. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அமைச்சர் தெரிவிப்பார். அதிகாரி கூறுவார். எதிர்க்கட்சிக்காரர் சாடுவார். எங்கள் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து ஜனங்கள் மட்டும் புலம்புவார்கள். நாலு பேர் கூடிவிட்டால் குமுறுவார்கள். 'சொன்னார்' என்று யாருக்கும் போடமாட்டோம். அது வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறதாம். செய்தி திருத்தும் மேஜையில் உட்கார்ந்து நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் அக்காவுக்கு எண்ணூர் ரோட்டோரம் இட்லிக் கடை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடம். டிரைவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அந்த லாரிகளுக்கு நடுவே நுழைந்துதான் ரோட்டைக் கடக்க வேண்டும். "இத்தப் பத்தி எழுதுடா" என்று அக்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "தெனமும் நடக்குறது நியூஸ் இல்லக்கா" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டே சொல்லிவிடுவேன்.

எங்கள் பேப்பரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நிருபர், அது என் அக்கா கடை என்று தெரியாமலேயே அங்கே போய் உட்கார்ந்தாள். நாலு நாள் போனாளாம். அதற்குப் பிறகு நான் போனபோது அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை.

"தங்கமான பொண்ணுடா. கண்ணு, கண்ணுன்னுதான் கூப்புடத் தோணுது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கினே கீது, நடுவுல வாயே தொறக்கல."

"உன் தம்பியும் அங்கதான் வேலை செய்றான்னு சொன்னியா?"

"அது கேக்கல."

எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவன் நான். நாலு நாள் இட்லி தின்றவள் கண்ணு.

அன்று சாயங்காலம் அவள் எழுதியது என் கணினிக்கு வந்தது. நன்றாக எழுதியிருந்தாள், அதுதான் இன்னும் எரிச்சல். 'லாரி வரக்கூடாதுன்னு சொல்லல. லாரி வந்தாதான் எனக்குச் சோறு. ஸ்கூல் வுடுற ஒரு மணி நேரம் கண்டெய்னர் யார்டுலயே நிறுத்திவெச்சா போதும்' என்று இருந்தது அக்காவின் பேச்சு. கடைசியில், 'என்று சொன்னார்.' செய்தியில் வந்த போக்குவரத்து அதிகாரிக்கும் 'சொன்னார்'தான், அக்காவுக்கும் 'சொன்னார்'தான். படிக்கப் படிக்க அக்காவின் குரலே காதில் விழுந்தது. என் எழுத்தில் ஒருநாளும் விழாத குரல்.

அதிகாரிக்கு 'கூறினார்' என்று மாற்றினேன். அக்காவுக்குக் 'கண்ணீர் மல்கப் புலம்பினார்' என்று போட்டேன். யாராவது கேட்டால் மேஜை வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கத்துக்காக மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் செய்தி எங்கள் எல்லோருடைய செய்தியையும்போல ஆக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். ஒரு டிரைவர், "இன்னாம்மா, நாங்க வந்தா அழுவுறியாமே, பேப்பர்ல போட்டுகிறான்" என்று அக்காவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். இன்னொருவர் சிரிக்கவில்லை. பாதி இட்லியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்.

"நான் எங்கடா பொலம்புனேன்?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எழுதியிருக்கும்" என்றேன். வாய் கூசவில்லை.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அது அனுப்புறதுக்கு மின்னாடி எனக்கு போன் போட்டு முழுசும் படிச்சுக் காமிச்சிது. பொலம்பலும் இல்ல, கண்ணீரும் இல்ல. காலீல போன் பண்ணி, ஆபீஸ்ல மாத்திட்டாங்கம்மான்னு ஒரே அழுவ."

ஒருவரைப் பற்றி எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மாட்டிக்கொண்டு நிற்கிற அந்த நேரத்திலும், அது அந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டதே என்று பொறாமையாகத்தான் இருந்தது. அக்கா இட்லித் தட்டை எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி வந்த ஒரு டிரைவர் பெஞ்சில் இடம் பார்த்து, "இது யாரும்மா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

அக்கா தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே, "பேப்பர்லேர்ந்து வந்துகிறாரு" என்றாள். "இப்ப எழுந்துடுவாரு, நீ குந்து."