துரைத் திடலை மூடச் சொன்ன கடிதம்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். ஆறாம் வகுப்பில் அதற்காக ஒரு பேனா பரிசாகக்கூடக் கிடைத்தது. அந்தக் கையெழுத்தே என்னை ஜெயிலுக்குக் கொண்டுபோகப் போகிறது என்று நம்பி, ஒரு மாசி மாதம் முழுக்கச் சோறு இறங்காமல் அலைந்திருக்கிறேன்.

குழித்துறைக்கு மேற்கே, எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் துரைத் திடல் என்று ஒரு பைக் பந்தயத் திடல் இருந்தது. திருவிதாங்கூர் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் பைக்கை ஓட்டிப் பார்க்கப் போட்ட செம்மண் வட்டம். துரை போனார், தோட்டம் கைமாறியது, எங்கள் ஊரே மாநிலம் மாறியது. பந்தயம் மட்டும் வருடம் தவறாமல் நடந்தது. என் சிறுவயதில் கமிட்டித் தலைவர் அப்பா. ஐந்து முறை ஜெயித்தவர். ஆறாம் முறை விழுந்து, வலது காலில் கம்பி வைத்துக்கொண்டு தலைவரானார். திடலைப் பற்றி அவரிடம் ஒரு குறை சொல்ல ஊரில் ஆளில்லை. வீட்டில் மட்டும் எங்கிருந்து வரும்?

அந்த வருடம் அண்ணனுக்குப் பதினெட்டு முடிந்தது. லைசென்ஸ் வந்த மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விட்டான். எங்கள் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் திடல் பாதிதான் தெரியும். மறுபாதி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால். அங்கே போனதும் வண்டிச் சத்தம் அமுங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து இந்தப் பக்கம் வெடித்துக்கொண்டு வரும். அம்மை ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அரிசி களைவாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து களைந்த அரிசியையே மறுபடி களைவாள்.

"அவன வேண்டாம்ணு சொல்லப்பிடாதா?" என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டாள்.

"எனக்க மோனாக்கும் அவன். விழமாட்டான்" என்றார் அப்பா, காலை நீட்டி வைத்துக்கொண்டு.

ஒரு சனிக்கிழமை அம்மை என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, பரீட்சைக்கு லெட்டர் எழுதிப் படிச்சியா? வா, நான் சொல்லுகேன், நீ எழுது."

தெருவிளக்கு வேண்டி, குடிநீர் வேண்டி என்றெல்லாம் பள்ளியில் எழுதிப் பழகியிருந்தேன். இது பந்தயத் திடலை மூட வேண்டி. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி போட்டேன். பரீட்சையில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்று டீச்சர் சொல்லித்தந்தபடி, பெயர் வரும் இடத்தில் அ.ஆ.இ. வண்டிச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, பசு பால் கறக்க விடுவதில்லை என்று அம்மை மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். படிக்க வேண்டிய பிள்ளை நான்தான். எனக்கு ஒரு இடைஞ்சலும் இருந்ததில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு வரி சொன்னாள்: வண்டி பாறைக்குப் பின்னால் போய்ச் சத்தம் நின்றால், திரும்பக் கேட்கும்வரை எங்களுக்கு உயிர் இல்லை.

"சத்தம் தொல்லைண்ணு எழுதிட்டு, சத்தம் நிண்ணா உயிர் இல்லைண்ணு எழுதினா மார்க்கு குறையும்" என்றேன்.

"எழுதுட்டி" என்றாள்.

கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் தாலுகா ஆபீஸ் முகவரியும் எழுதினேன். அதற்குத் தனி மார்க்கு. திங்கட்கிழமை அம்மை அதை நிஜமான உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, பள்ளிக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போடச் சொன்னபோதுதான் அது பரீட்சை லெட்டர் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

பத்து நாள் கழித்து அப்பா கொதித்துக்கொண்டு வந்தார். இனி ஒரு புகார் வந்தால் திடலைப் பூட்டிவிடுவோம் என்று தாலுகா ஆபீஸில் போன வருடமே சொல்லியிருந்தார்கள். "ஏதோ ஒரு சவம் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கு" என்றார். "ஆரு போட்டாவளோ" என்று அம்மை அவருக்குக் குழம்பு ஊற்றினாள். கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம், அதற்கென்று போலீஸில் ஆள் உண்டு என்றான் அண்ணன். மறுநாளிலிருந்து நான் கோழி கிண்டியதுபோல எழுத ஆரம்பித்தேன். டீச்சர் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டினார். அடி வாங்கிக்கொண்டு அப்படியே எழுதினேன்.

அதிகாரி விசாரணைக்கு வந்த காலையில் ஊரே திடலில் நின்றது. அண்ணன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு தயாராக இருந்தான். நான் அம்மையின் சேலையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். ஊரில் ஒருத்தருக்கும் எதிர்ப்பில்லை என்றால் அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவதாக அதிகாரி சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் கிளம்புகிற அவசரம்.

"பரீட்சைப் பேப்பர் மாதிரி எழுதியிருக்காங்க. சத்தம் தொல்லையாம், ஆனா சத்தம் நின்னா உயிரில்லையாம். நீங்களே பாருங்க" என்று சிரித்து, கடிதத்தை அப்பாவிடம் நீட்டினார். ஊரும் சிரித்தது.

அப்பா வாசித்தார். முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து வண்டியை அணைக்கும்படி கை காட்டினார்.

"எதிர்ப்பு உண்டு சார்" என்றார்.

"யாருக்கு?"

"எனக்கு."

"ஏலே மக்கா, ஒனக்கு வட்டு பிடிச்சா, புத்தி கெட்டுப்போச்சா?" என்று அவரோடு பந்தயம் ஓட்டிய சிநேகிதர் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா அந்தக் கையை விலக்கினார். அதிகாரியின் பேனாவை வாங்கி, அ.ஆ.இ.க்குக் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே திடல் வாசலில் சங்கிலி விழுந்தது. அண்ணன் மாதக்கணக்கில் அவரிடம் பேசவில்லை. சிநேகிதர் கடைசிவரை வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை, எங்களிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பெற்ற மகள் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதென்றுதான் அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நான் நினைத்தேன். அந்த நன்றியில் ரொம்ப நாள் அவர் கம்பிக் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். என் கையெழுத்தை அவர் கண்டிருப்பார்தான். ஆனால் அது யாருடைய பேச்சு என்பதையும், தான் பந்தயம் ஓட்டிய அத்தனை வருடமும் அம்மை அந்த ஜன்னலில் அப்படித்தான் நின்றிருந்தாள் என்பதையும் அவர் அன்றைக்குத்தான், ஊர் சிரித்துக்கொண்டிருந்தபோது, முதல்முறையாக வாசித்தார் என்பது பதினோரு வயதில் எனக்கு எங்கே தெரியப் போகிறது?