மாமாவுக்குக் கொடுத்த நன்றியுரை

"…வெட்டியாச்சுன்னு போன தடவ நீங்கதானே ஒய்.பி. சொன்னீங்க? வெட்டுன லோங்காங்க கொஞ்சம் காட்டுங்கலா, நாங்களும் பாத்துக்கறோம். தண்ணிக்கு அந்த வழி தெரியல போல, எங்க வீட்டு வழியாவே வருது."

கடைசி வரிசையில் நின்றுகொண்டு இப்படிக் கூவியவர் என் தாய்மாமா. கூட்டம் சிரித்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்த சட்டமன்ற உறுப்பினர், எங்கள் பக்கம் எல்லாருக்கும் அவர் வெறும் ஒய்.பி.தான், முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழர் ஒற்றுமைக்குத் தாவிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் கட்சியின் கிளைத் தலைவராக உட்கார்ந்திருந்த என் அப்பா, தன் செருப்பை இதுவரை பார்த்திராதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஆ ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பில் செராமா என்னும் கட்சிக் கூட்டம் நடந்தால், பிரியாணிப் பொட்டலத்துக்கு வரும் கூட்டம் பாதி, மாமாவின் வாய்க்கு வரும் கூட்டம் மீதி. பிள்ளைகள் நாங்கள் இரண்டுக்கும் போவோம். ஆனால் மாமா வேடிக்கைக்காகக் கூவியவர் இல்லை. அவர் வீடு தாமானின் பள்ளத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஆண்டுக் கடைசியில் மழை பிடித்தால், ஒரு முழ அகலம்கூட இல்லாத அந்த லோங்காங் என்கிற வடிகால் நிரம்பி, மேட்டு வீடுகளின் தண்ணீரெல்லாம் அவர் கூடத்துக்குள் வந்து நிற்கும். மாமி ஒவ்வொரு வருடமும் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெத்தை வாங்குவார்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய தகராறு. அம்மா தன் அண்ணன் பக்கம். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார். தவளை தன் வாயால் கெடும் என்பார் அப்பா. பழமொழி என்பது வாடகைக் கார் மாதிரி. யார் ஏறினாலும் அவர் சொல்லும் இடத்துக்குப் போகும். ஆக, இரண்டு பேரும் சரியாகவே பேசினார்கள். லோங்காங் அப்படியே இருந்தது.

அடுத்த செராமாவுக்கு முன் அப்பா என்னை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.

"மச்சான், இந்த வாட்டி மட்டும் கூவாதீங்க. கூட்டம் மரியாதையா நடந்தா லோங்காங் விஷயத்த மேடையிலயே அறிவிக்கிறேன்னு ஒய்.பி. என்கிட்ட சொல்லிட்டாரு."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி மெத்தையைப் பார்த்தார்.

"நெசமாவா மாப்பிள்ள?"

"என் மொகத்துக்கு நேரா சொன்னாருலா."

மாமா சரி என்றார். அப்பாவுக்கு அது போதவில்லை. வந்த வேகத்தில் நன்றியுரையும் மாமாதான் என்று சொல்லிவிட்டார். எங்கள் கூட்டங்களில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்த பிறகு நன்றியுரை. அதைச் சொல்லப் போகிறவர் ஆரம்பம் முதல் மேடையில் உட்கார வேண்டும். மேடையில் உட்கார்ந்தவன் கூவ மாட்டான். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனாலும் எங்களில் ஒருவரும் அதை மீறி நான் பார்த்ததில்லை. மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று நான் பள்ளித் தோழிகளிடம் பெருமையடித்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வானம் கறுத்திருந்தது. மாமா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒய்.பி. தான் தோட்டத்தில் வெறுங்காலோடு பள்ளிக்குப் போன கதையைச் சொன்னார். கோயில் கூரைக்குப் பணம் கொடுத்ததைச் சொன்னார். படிப்பின் அருமையைச் சொன்னார். லோங்காங் வரவில்லை. அப்பா ஒரு தடவை எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் ஒற்றுமைக்கே போனார்.

பின்வரிசை பொறுக்கவில்லை.

"என்ன அண்ணே, வாயில கொழுக்கட்டையா?"

கூட்டம் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒய்.பி.யின் முதுகையே பார்த்திருந்தார். இன்னும் வரும், கடைசியில் வரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

கடைசியில் வந்தது சிகாமட்டில் இன்னொரு கூட்டம் என்ற செய்திதான். ஒய்.பி. கும்பிட்டபடியே இறங்கினார். அப்பா குடையோடு கார்வரை பின்னால் ஓடினார். கூட்டமும் எழுந்துவிட்டது. பந்திக்கு முந்து என்பதை மட்டும் நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமா மைக் முன்னால் வந்தபோது முன்வரிசையில் நானும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் இருந்தோம். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சமைத்த பெண்களுக்கு நன்றி சொன்னார். நாற்காலி அடுக்கிய பையன்களுக்கும், மின்சாரம் கொடுத்த எதிர்வீட்டுக்கும் சொன்னார். இத்தனை வேலைக்கு நடுவில் வந்துபோன ஒய்.பி.க்கும் சொன்னார். அதில் குத்தலே இல்லை. மைக்கைக் கண்டு மாமா பயந்துவிட்டார் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. மழை தகரக் கூரையில் இறங்கியதும் அவர் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமா சாப்பிடாமலே போய்விட்டார் என்று அம்மா பொட்டலத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார். போனால், மாமா தீபாவளிச் சட்டையோடு டிவியை அலமாரிமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அரிசிப் பை ஏற்கெனவே மேசைமேல். மாமி மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கோவமா மாமா?"

"கோவம் என்ன பாப்பா. மழ."

அப்போது அப்பா வாசலில் வந்து நின்றார். கட்சிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சண்டை வரப்போகிறது என்று சுவரோரம் ஒதுங்கினேன். வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்பாதான் மாமாவை ஏமாற்றினார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த மேடையில் ஒய்.பி.யை நம்பி மாமாவுக்கு முன்பே ஏமாந்தவர் அப்பா என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. மாமாவுக்கு மட்டும் அது அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்று எந்தக் கூட்டத்தில் யார் கூவினாலும் எனக்கு முதலில் அலுப்புதான் வருகிறது. பிறகு, அந்த ஆளின் வீடு எந்தப் பள்ளத்தில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

மாமா குளிர்பெட்டியைப் பெஞ்சுமேல் ஏற்ற, தனியாக அணைத்துப் பிடித்துத் திணறிக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாமா அவரைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, மறுபக்கம் பிடிக்க அவருக்கு இடம் விட்டார்.