எரிமலைத் தீவில் மூடுபனி

அத்திலாந்திக் நடுவே ஓர் எரிமலைத் தீவு. ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்து கொண்டுவந்த மலைச் சைக்கிளைப் பிடித்தபடி, கறுத்த சரளைச் சரிவில் நிற்கிறேன். முன்னால் இறங்கிப்போன கணவர் மூடுபனிக்குள் மறைந்துவிட்டார். “இஞ்சாருங்கோ!” என்று கத்துகிறேன். காற்றின் இரைச்சல்தான் கேட்கிறது.

பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளோடு வரும் உள்ளூர்ப் பெண்ணிடம், அவரைக் கண்டாளா என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

“இல்லையே. கீழே பாதை இடிந்து கிடக்கிறது. சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வா,” என்று என் கையைப் பிடிக்கிறாள். என் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அவளோடு இறங்குகிறேன்.

இடிந்த விளிம்புக்கு முன்னால், தன் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே கிடத்தி, கைகளை விரித்தபடி நிற்கிறார் அவர்.

“கத்தினனான், உமக்குக் கேக்கேல்லை. நான் ஏறி வந்தா பனிக்குள்ள நீர் என்னைக் கடந்து போயிடுவீர் எண்டு இஞ்சையே நிண்டனான்.”

நான் தொட்ட பிறகுதான் அந்தக் கைகள் இறங்குகின்றன.