பேத்தி கன்னத்து டேப்பும் எங்கள் அண்ணனும்

நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதும்படி ஒரு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் முன் பேசிப் பழக்கமில்லை. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மாட்டுப்பட்டிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். எங்கள் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அண்ணன் தேயிலை பேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அந்த இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது. மதினி இறந்த பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தார். கணவரை இழந்த என்னையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த மகளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குடித்த பால் மூக்கு வழியே வந்தது. லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "காரணம் கெடக்கட்டும், என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்டவர் அண்ணன் ஒருவர்தான். எங்களைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

உடனே ஆபரேஷன் கிடையாது என்றார் பல் டாக்டரம்மா. குழந்தையின் வாயை அளவெடுத்து, அண்ணத்தில் பொருந்தும்படி ஒரு தட்டு செய்து கொடுத்தார். உதட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துக் கன்னத்தில் டேப் ஒட்ட வேண்டும். வாரா வாரம் போனால் தட்டைக் கொஞ்சம் ராவித் திருத்துவார். பிறந்த சில மாதத்துக்குள், எல்லாம் இளசாக இருக்கும்போதே இடைவெளியைக் குறைத்துவிட்டால் தைப்பது எளிது, மூக்கும் எடுப்பாக அமையும் என்றார். டேப் ஒட்டி நிற்க முகம் காய்ந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னார்.

மூன்றாம் வாரம் பார்த்தபோது இடைவெளி குறையவே இல்லை. டேப் நிற்கவில்லை என்றோம்.

"மூஞ்சில எண்ணெய் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

குளிப்பாட்டுகிறவள் நான். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்வதுபோல தினமும் எண்ணெய் தேய்த்து மூக்கை நீவிவிட்டேன். நீவினால் பிளவும் சேரும், டேப் ஒட்டுமுன் எண்ணெயைத் துடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா தேய்ச்சேன். பிள்ள மூஞ்சி வறண்டு கெடந்துச்சு" என்றார் அண்ணன்.

"இன்னும் ரெண்டு வாரம் இப்படிப் போச்சுன்னா இந்தத் தட்டால பிரயோஜனம் இருக்காது தாத்தா."

திரும்பும் பஸ்ஸில் மகள் விடவில்லை. "ஏம்ப்பா, தாளிக்கவா எண்ணெய் ஊத்துனீங்க? சும்மா இருக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் நான் அழுதபோது, "செவிட்டுக் காதத்தான் அவ பக்கம் வச்சிருந்தேன். போ, அடுப்பப் பாரு" என்றார்.

மறுநாள் முதல் டேப் ஒட்டுவது அண்ணன் பொறுப்பு. கை கழுவி, துணியால் கன்னத்தை ஒற்றி, பேக்டரியில் தேயிலையின் பதம் பார்த்த விரலால் ஈரம் பார்த்து, அப்புறம்தான் ஒட்டுவார். இடைவெளி வாரா வாரம் குறைந்தது. ஆறாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயது தாண்டி அண்ணத்தையும் மூடினார்கள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வருஷம் நெஞ்சுவலியில் படுத்த அண்ணன் மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்த டாக்டரம்மாவுக்கும் நர்ஸ்மார்களுக்கும், கடைசி நாளில் ஜீப் கொண்டுவந்த பிள்ளைகளுக்கும், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொடுத்த லயத்துக்காரர்களுக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய் தேய்த்தது நான் என்ற இடம் வந்ததும் நோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"தெரியும் அத்தே. ஒங்க கையிலதான் எண்ணெ வாசம் அடிச்சுச்சு. ஒங்கள ஏச மனசு வராம அப்பாவ ஏசுனேன். அதையும் எழுதிருங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.